தின்னக் கூடாதவை

காஸ்த்ரோவில் மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை.
நின்றால்தான் சொல்வோம்,
அதையும் மெதுவாக,
மேகத்தின் காதில் விழுந்துவிடப் போகிறதே என்று.

சிலியின் தெற்கே, சிலோயே தீவில்
காலணிக் கடையில் நிற்பவள் நான்.
எலியேசர் நவெல்கின் முதன்முதல் வந்தபோது
காலணிகளைப் பார்க்கவே இல்லை.
"பெட்டிக்குள் ஒரு சின்னப் பொட்டலம் கிடக்குமே,
தின்னக் கூடாது என்று எழுதியிருக்கும்,
அது வேண்டும்" என்றான்.
பேருந்துப் பணிமனை மெக்கானிக்.
நகக்கண்ணில் கிரீஸ்.
என் வயதுதான் இருக்கும்.
கிறுக்கு என்று நினைத்து ஏழு கொடுத்தேன்.
அடுத்த மாதம் பதினொன்று.
ஏன் என்று கேட்காதீர்கள்.

அவன் வீடு கடலில் கால் ஊன்றி நிற்பது.
ஏற்றம் வந்தால்
தரைப்பலகைக்கு அடியில் தண்ணீர் சப்புக்கொட்டும்.
அந்த இடத்தில்
ஒரு மனிதன் உலர்ச்சியைச் சேர்த்து வைக்கிறான்,
காபித்தூள் வந்த கண்ணாடிக் குப்பிகளில்.
ஒவ்வொன்றுக்கும் பெயர், மாதம், வருஷம்.
குளிர்பெட்டிக் கதவில் தனக்கே எழுதி ஒட்டியிருந்தான்,
எழுத்துப் பிழைகளோடு:
வெங்காயத்தை ஒரு வருஷத்துக்கு மேல் நம்பாதே.
தக்காளி நாலைந்து பொறுக்கும்.
அவரையைச் சுத்தியலால் தட்டு,
நசுங்கினால் இன்னும் ஈரம், சிதறினால் சரி.
குப்பியை வெளியே எடுத்ததும் திறக்காதே, மடையா.
வேர்த்து அடங்கட்டும்.
போன தடவை கொத்தமல்லி ஞாபகமிருக்கா?

ஜூலையில் ஒரு டீச்சர்
பழுப்பு பூட்ஸ் வாங்கிப் போனாள், முப்பத்தெட்டாம் எண்.
மறுநாளே திரும்பி வந்தாள்.
உள்ளே பூஞ்சை,
எலிக்குஞ்சின் ரோமம் போல.
முதலாளி டோன் அபெலார்தோ
அடுக்கிலிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்.
ஒன்பது ஜோடி.
பொட்டலம் எங்கே என்று கேட்கவில்லை.
என்னைப் பார்த்தார்.
சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

அன்றிரவு படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன்.
இந்தத் தீவில் உலர்ந்த இடம் ஒரு கைப்பிடிதான்.
ஒருவரிடமிருந்து எடுத்துத்தான்
இன்னொருவருக்குக் கொடுக்க முடியும்.
நான் ஒரு டீச்சரின் பாதத்திலிருந்து எடுத்து
ஒரு வெங்காயத்துக்குக் கொடுத்திருக்கிறேன்.

சண்டை போடத்தான் போனேன்.
விறகடுப்பில் இரும்புச் சட்டி.
கடலை வறுப்பதுபோல் எதையோ வறுத்துக்கொண்டிருந்தான்.
பொட்டலங்களைப் பிரித்துக் கொட்டிய மணிகள்.
பெரும்பாலும் வெள்ளை.
நடுவே சாட்சிக்குப் போட்ட சில மட்டும்
பச்சையிலிருந்து ஆரஞ்சுக்கு
மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தன.
"குடித்ததைக் கக்குது.
ஆறினால் மறுபடி குடிக்கும்,
எத்தனை தடவை வேண்டுமானாலும்."
"அப்புறம் எதற்கு மாதாமாதம் என்னிடம் வந்தாய்?"
சட்டியைக் குலுக்கினான்.
காது சிவந்தது.
அடுப்பின் வெக்கையாகவும் இருக்கலாம்.

ஆகஸ்டில் நாற்பது பொட்டலங்கள் கொண்டுவந்தான்,
பழைய சட்டையைக் கிழித்துத் தைத்தவை.
ஒவ்வொன்றிலும் பேனாவால்:
தின்னக் கூடாது.
பெட்டி பெட்டியாகப் போட்டேன்.
டோன் அபெலார்தோ ஒன்றை எடுத்து மோந்து பார்த்துவிட்டு
வைத்துவிட்டார்.

ஈரத்தாளில் சுருட்டி வைத்த பத்து வெங்காய விதை,
இரண்டு வருஷப் பழசு.
பதினோராம் நாள் பிரித்தால் மூன்றுக்கு வால் முளைத்திருந்தது.
மிச்ச ஏழையும் நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"மூணு மடங்கு நெருக்கி விதைச்சாப் போச்சு,"
அவ்வளவுதான் சொன்னான்.

டீச்சரின் பூட்ஸ் இப்போது என்னுடையது.
காசு கொடுத்தாயிற்றே.
ஒரு எண் பெரிது, நுனியில் துணி திணித்துப் போட்டுக்கொண்டு
செப்டம்பர் சேற்றில் இறங்கினேன்.
ஒரு துளி படாமல் இரண்டு வருஷம் காத்ததை
நனைந்த மண்ணுக்குள் விட்டோம்,
அவன் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை.
என் வரிசை கோணல்.
இடது பூட்ஸில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.